ஐந்தாவது பிரதி

விதி நான்கு: அச்சான நூலின் ஐந்து பிரதிகள்.
விதி ஏழு: பிரதிகளில் கையெழுத்தோ குறியீடோ கூடாது.
விதி ஒன்பது: அனுப்பியவை திருப்பித் தரப்படமாட்டா.
பல்கலைக்கழகம் தரும் பரிசு இருபத்தைந்தாயிரம்.

முந்நூறு அடித்திருந்தேன்.
ஈஜிபுராவில் கட்டில் கால்வரை சாக்கடை ஏறிய இரவில்
நூற்றுத் தொண்ணூறு ஒரே கட்டியாக ஊறிப்போனது.
எந்தக் கவிதை எதனோடு ஒட்டிக்கொண்டதென்று
பிரித்துப் பார்க்கவில்லை.
ஈரத்துக்கு எடை கழிப்பேன் என்றார் பழைய பேப்பர்க்காரர்.
கழித்தார்.
மிச்சமெல்லாம் கேட்டவர்களுக்கும்
கேட்காதவர்களுக்கும் கொடுத்தது.
அலமாரியில் நான்கு.

ஐந்தாவதற்காக ஒவ்வொருவராய் ஃபோன் செய்தேன்.
"எந்த புக்கு?" என்றார் என் மேலாளர்.
"துபாயில இருக்கு" என்றார் ஒருவர்
ஏதோ உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.
பெனினா மட்டும்
"இருக்கு. நைட் டூட்டி முடிஞ்சதும் வர்றேன்,
வில்சன் கார்டன் ஸ்டாப்புல நில்லுங்க" என்றாள்.

அப்பாவின் கடைசிப் பதினோரு இரவுகளும்
அந்த வார்டில் அவள்தான் நர்ஸ்.
எக்ஸ்ரே உறைக்குள் புத்தகம்.
"பென்சில்ல கொஞ்சம் கிறுக்கியிருக்கேன்.
தூக்கம் வராம இருக்க."

பஸ்ஸில் பிரித்தேன்.
பன்னிரண்டாம் பக்கம்: பால் இரண்டு, ஒரு ஃபோன் நம்பர்.
இருபதில் கேள்விக்குறி, வரிக்கு வெளியே, தனியாக.
முப்பத்தொன்றில் 'நல்லா இருக்கு' என்று எழுதி
'நல்லா'வை மட்டும் அடித்திருந்தாள்.

நாற்பத்தேழு, அப்பாவுக்கானது.
'பாம்பெனச் சீறியது பிராணவாயு
உன் கட்டிலருகே விழித்திருந்தேன்'
என்ற இரண்டு வரிகளின் கீழே
மருந்து அட்டவணை எழுதும் அதே சின்ன எழுத்தில்:
சீறாது. தண்ணி பாட்டில்ல குமிழி விடும்.
மூணே காலுக்கு மூடினேன்.
மூடின பிறகும் ஏழு வந்தது. எண்ணினேன்.

மூன்றே காலுக்கு நான்
கீழே கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
அதைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை.

கவுண்டரில் ருத்ரேஷ்.
தமிழ் படிக்கத் தெரியாது. தேவையும் இல்லை.
ஒவ்வொரு பிரதியையும் சீட்டுக்கட்டுபோல
கட்டைவிரலால் ஓட்டினார்.
ஐந்தாவதில் விரல் நின்றது.
"ஏனு இது?"
படித்தவர் எழுதியது என்றேன்.
இழுப்பறையைத் திறந்து
பாதி தேய்ந்த ரப்பரை என் பக்கம் தள்ளினார்.
மணி மூன்று நாற்பது. நாலுக்கு மூடிவிடுவார்கள்.

பால் அழிந்தது.
நம்பர் அழிந்தது.
கேள்விக்குறி இரண்டு தேய்ப்பில்.
'இருக்கு' கொஞ்சம் மிச்சமிருந்தது, ஊதித் தேய்த்தேன்.
விதிகள் ஒட்டிய கண்ணாடி மேல்
சாம்பல் நிறத்தில் துகள்.
பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார்
(அவர் கையிலிருந்த ஐந்தும் கெட்டி அட்டை).

நாற்பத்தேழு.

ரப்பரின் முனையை ஒரு குமிழியின் மேல் வைத்தேன்.
அழித்தால்
அச்சில் இருக்கும் பொய் மட்டும் மிஞ்சும்.
ஐந்து பிரதியிலும், ஐந்து மேசையிலும்,
சுத்தமாக.

நான்கு போதுமா என்று கேட்டேன்.
"நால்கு தகொளக்காகல்ல சார்"
நான்கையும் அடுக்கித் திருப்பித் தந்தார்,
ரப்பரைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே ஸ்டாப், அதே உறை.
"பரிசு கிடைச்சுதா?"
"அஞ்சு கேட்டாங்க. நாலுதான் இருந்துச்சு."
"என்னோடதக் குடுத்திருக்கலாமே,
அதுக்குத்தானே தந்தேன்."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே
புத்தகத்தைப் புரட்டினாள்.
நாற்பத்தேழைத் தாண்டிப்போய்
மறுபடி முன்னால் வந்து
பன்னிரண்டில் நின்றாள்.
வெள்ளையாய்த் தேய்ந்திருந்த ஓரத்தை
நகத்தால் தடவினாள்.

"இங்க ஒரு நம்பர் எழுதி வச்சிருந்தேனே" என்றாள்.