வலைச்சட்டை

கும்பகோணத்துக் கடைக் கண்ணாடியில்
தோல் ஜாக்கெட்டுடன் நான்.
ஜிப் பாதி ஏறுமுன்னே
இட்லிக் கொப்பரைக்குள் இறங்கிவிட்டேன்.
ஆனி வெயில்.
கோடிக்கரை வரை ஓட்ட வேண்டும்.

“மெஷ் எடுங்க சார். காத்து பூந்து பூந்து போவும்.”
“மழை?”
அன்வர்தீன் கொஞ்சம் யோசித்தார்.
“அதுவும் பூந்துதான் போவும்.”

இப்படிச் சொல்கிறவரிடம்
எப்படிப் பேரம் பேச?
தோளிலும் முழங்கையிலும் திண்டு வைத்தது,
சாம்பல் நிறம், எட்டாயிரத்து நானூறு.
மேலே மாட்ட மழைக்கோட்டு
ஒரு சுற்றுப் பெரிதாக.
கறுப்பு வேண்டாம், லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது என்றார்.
மஞ்சள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்.
எஞ்சினை அணைத்ததும்
முதுகில் ஊறத் தொடங்கியது வியர்வை.
சரக்கு ரயில் வருவதாய் இல்லை,
வந்தது மழை,
துளி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை கனம்.

மஞ்சள் கோட்டு பைக்குள்,
அடியில்,
லுங்கிக்கும் துண்டுக்கும் கீழே.

பக்கத்து மொபெட்டில் மீன்கூடைக்காரர்
யூரியா சாக்கின் ஒரு மூலையை
மறு மூலைக்குள் குத்தித்
தலையில் கவிழ்த்துக்கொண்டார்.
கொங்காணி. இரண்டே நொடி.
அதற்குள்ளிருந்து கை நீட்டி
என் சட்டையைத் தடவினார்.
“என்னா வெல?”

“நாலாயிரம்.”
கடைக்காரர் சொல்லாத பொய்யை
நான் சொன்னேன்.

“நாலாயிரமா! இத்தன ஓட்டைக்கு?”

கேட் திறந்தது.
மன்னார்குடி வருமுன்
சட்டை காய்ந்துவிட்டது.
அவர் சிரிப்பு மட்டும்
உள்ளே பூந்தது,
இன்னும் வெளியே போகவில்லை.