நிமிஷத்துக்கு மூன்று

இதயம் சத்தக்காரன்.
எந்தக் கத்துக்குட்டி கட்டிய ஆம்பிளிஃபயரிலும்
வந்து தலைகாட்டிவிட்டுப் போவான்.
இரைப்பை அப்படியில்லை.
நிமிஷத்துக்கு மூன்றே அலை,
ஒவ்வொன்றும் இருபது விநாடி நீளம்.
உயரமோ, ஒரு வோல்ட்டைப்
பத்தாயிரமாய்க் கூறு போட்டு
அதில் ஒரு கூறு.

கோரிப்பாளையத்தில்
பரோட்டாக் கடைக்கு மேலே என் அறை.
கீழே கொத்துகிற கொத்தில்
மேஜைமேல் ஸ்க்ரூக்கள் நகர்ந்து நகர்ந்து
ஓரத்துக்கு வந்து விழும்.
அந்தச் சத்தம் ஒயருக்குள் வராது.
வருவது, வாயே திறக்காத சுவர்:
உள்ளே ஓடும் ஐம்பது ஹெர்ட்ஸ்.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்
எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை நீட்டினார்.
"வெல கம்மி. எல்லாரும் இதான் வாங்குறாங்க."
ஒழுகும் என்றேன்.
"எதுதாம்மா ஒழுகாம இருக்கு?"
ஃபிலிமில் நாலு வாங்கி வந்தேன்.
ஒரு மைக்ரோஃபாரட், பத்து மெகா ஓம்.
இரண்டும் சேர்ந்தால் பத்து விநாடி ஞாபகம்.
மறக்கவே தெரியாவிட்டால்
கோடு மிதந்து திரையைவிட்டே போய்விடும்,
சீக்கிரம் மறந்தாலோ வயிறு தெரியாது.
இந்த இரண்டுக்கும் நடுவில்
என் மாசி மாதம் போயிற்று.

மேலே மூச்சு. அதற்கும் மேலே இதயம்.
கீழே, தோலும் ஜெல்லும் தங்களுக்குள்
மெதுவாக நடத்தும் ஏதோ ஒரு பேரம்.
நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து.
அதன் முனையில் நின்று காத்திருக்க வேண்டும்.
ஒரு ரெசிஸ்டரை மாற்றினால்
கோடு அடங்க ஒரு நிமிஷம்.
நான் அந்த மாதம் சூடாக டீ குடிக்கவேயில்லை.

ஜக்கரியா அண்ணன் மாடியேறியபோது ராத்திரி ரெண்டு.
பத்தொன்பது வருஷமாய் மாஸ்டர்,
எட்டு வருஷமாய்ச் சர்க்கரை.
சாப்பிட்டது மறுநாள் மத்தியானம் வரை
நெஞ்சுக்குக் கீழே அப்படியே நிற்கிறதாம்.
எனக்காக ஆறு மணி நேரம் எதுவும் தொடாமல்
ஊருக்கே கொத்திப் போட்டுவிட்டு வந்திருந்தார்.
வயிற்று முடியை மழிக்கணும் என்றதும்
ரேசரைப் பிடுங்கிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று எலக்ட்ரோடு ஒட்டினேன்.
திரையில் ஒரே தடித்த பட்டை, கம்பளிப்பூச்சி மாதிரி.
லேப்டாப்பைச் சார்ஜரிலேயே விட்டிருந்தேன்.
எழுந்து பிடுங்கப் போகையில்
கரண்டே போய்விட்டது.

தெரு மொத்தமும் அணைந்தது.
சுவர் வாயை மூடியது.
ஒன்பது வோல்ட் பேட்டரி ரெண்டு மட்டும் விழித்திருக்க
கோடு மெலிந்து, மெலிந்து,
நூலாகி, ஏறியது.
ஒரு அலை.
அடுத்தது வர இருபத்தாறு விநாடி.
பிறகு நான் எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பது. அறுபது. தொண்ணூறு.

பற்றுவைப்பு விட்டிருக்கும் என்று நினைத்தேன்.
விட்டிருக்கட்டும் என்றும் நினைத்தேன்.
போனைப் பல்லில் கடித்து, அந்த வெளிச்சத்தில்
ஒவ்வொரு காலாய் அசைத்துப் பார்த்தேன்.
எல்லாம் உறுதியாய் இருந்தது.
ஒயரைக் கழற்றிக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் போய்
என் வயிற்றில் புதிதாய் ஒட்டி
மல்லாந்து படுத்தேன்.

மூன்று.
அடுத்த நிமிஷமும் மூன்று.
மூன்று.

தப்பு சர்க்யூட்டில் இல்லை.
நாலு மாத வேலை ஜெயித்தது அந்த நிமிஷத்தில்தான்.
நான் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா சொல்லுது என் வயிறு?"
காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்ணே,
நானும் வர்றேன் என்றேன்.
"காலைல மாவு பெசையணுமே."
அதற்கப்புறம் என்றேன்.
சரி என்று சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. ஃபேன் முனகியது.
துண்டால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே
திரையைப் பார்த்தார்,
இன்னும் அழியாத என் அலைகளை.
"இது ஒங்களதா? என்னமா ஏறி எறங்குது.
பசிக்குது போல.
கல்லு இன்னும் சூடாத்தான் இருக்கு,
ஒண்ணு போடவா?"