கரண்டிக் கணக்கு

ஒவுலு நகரத்து மருத்துவர்
எஃகுப் பட்டையொன்றை மேசைமேல் வைத்தார்.
விலாவுக்கு அடியில் நுழைத்துத் திருப்பினால்
குழி மேலெழும்பிவிடுமாம்.
மூன்று வருடம் உள்ளேயே இருக்குமாம்.
கையில் வாங்கிப் பார்த்தேன்.
சில்லென்றிருந்தது.

அன்றிரவு சவுனாவின் பலகையில்
என்னை மல்லாக்கப் படுக்கவைத்து
காபிக் கரண்டியால் நெஞ்சில் நீரூற்றினாள் ஹில்லா.
ஒன்பது கரண்டி கொண்டது.
பத்தாவது வழிந்து
தொப்புளைத் தேடி ஓடியது.
இருவரும் சிரித்தோம்.
பிறகு நான் சிரிக்கவில்லை.

பதினான்கு வயதில், நீச்சல் குளத்தின் ஓரம்,
தோள்களைக் கதவுகளாக்கிச்
சாத்திக்கொண்டவன் நான்.
கீல் துருவேறிக் கிடந்தது.

நவம்பரில் தொடங்கினேன்.
விடியவே விடியாத காலைகளில்
நிலைச்சட்டத்தைப் பற்றிக் கை விரித்து,
சுருட்டிய துண்டின்மேல் முதுகைக் கிடத்தி,
மூச்சை இழுத்து, நிறுத்தி, எண்ணி.
சில நாள் அழுகை வந்தது.
வலி என்று சொல்லமுடியாது.

ஏப்ரல். மறுபடி பலகை, மறுபடி கரண்டி.
எட்டு என்றேன்.
எட்டரை என்றாள் ஹில்லா, கறாராக.
மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ரைமோ கேட்டார்:
"வளர்ந்துவிட்டாயா என்ன?"
முப்பத்தொரு வயதில் யார் வளர்கிறார்கள்.
ஆனால் பழைய கோட்டின் மேல்பொத்தான்
இன்று காலை
எட்டவில்லை எனக்கு.