நின்றவில்லை

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை.
தமிழ் பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
இங்கிலீஷ் நாற்பது.
பிழைதிருத்தம் இலவசம் என்று
கண்ணாடியில் எழுதி ஒட்டியது நான்தான்.

அவர் கொடிமுனைக்காரர், பெயர் ததேயுஸ்.
இடது கை கட்டுக்குள் தொங்க
வலது கையில் கோடு போட்ட தாள் ஐந்து.
பிளஸ் ஒன் படிக்கிற மகள் எழுதியதாம்,
சிங்கப்பூரில் இருக்கும் கப்பல் கம்பெனிக்கு.

முதல் வரி:
தி ஷிப் டிட் நாட் ஸ்டாப்ட்.

வால் எழுத்துகளை அழித்தேன்.
ஸ்டூலில் இருந்து எட்டிப் பார்த்தார்.
"எதுக்கு பிள்ளே வெட்டுனா?
நடந்த காரியம்லா அது."

நடந்ததுதான் அண்ணே.
டிட் வந்தாச்சென்றால் நடந்ததை அதுவே சுமக்கும்,
பின்னால் வருகிற வினை வெறுங்கையோடு வரணும்.
ஒரு வாக்கியத்துக்கு ஒரு நங்கூரம்.

"காத்து மோசமானா
நாங்க ரெண்டு போடுவோம்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.
கொஞ்சம் கழித்துத்தான் கேட்டேன்,
நாம மட்டும் நின்றவில்லை என்றா சொல்லுகோம்?
நிக்கல்ல. அவ்வளவுதானே.
நின்ற, வந்த, பார்த்த
எதுவும் இல்லைக்கு முன்னால் ஒட்டாது,
பேசப் பழகும் பிள்ளைகூட
அந்தப் பிழையை விடாது.

நின்றவில்லை, என்று ஒருமுறை
வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
சிரிப்பு வந்து, விலா வலித்து, நிறுத்தினார்.

பிறகு கேள்வி இல்லை.
ஹார்ன் அடிக்கவில்லை: ப்ளூவை ப்ளோ ஆக்கினேன்.
கயிறு வீசவில்லை: த்ரூவை த்ரோ.
எங்கள் விளக்கைப் பார்க்கவில்லை: சாவை சீ.
இங்கிலீஷில் கண்டான் என்பதற்கு
சா என்று ஓசை, அதை இன்றுதான் கவனித்தேன்.
நாலு பக்கம் முழுக்க
கப்பல் செய்யாமல் விட்ட காரியங்கள்.
ஒவ்வொன்றிலிருந்தும் இறந்தகாலத்தை
உரித்து உரித்துப் போட்டேன்,
மீன் செதில் மாதிரி விரலில் ஒட்டியது.

ஐந்தாம் பக்கம் ஒரே வரி.
மை பிரதர் பெனிற்றோ டிட் நாட் கேம்.

கேம் என்பதை கம் ஆக்க
ஒரு எழுத்து மாற்றினால் போதும்.
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.

வரல்ல என்றால் நம்மிடம்
நேற்றும் வரல்ல, இப்போதும் வரல்ல,
திங்கள்சந்தை பஸ்ஸும் வரல்ல.
சொல் ஒன்றுதான்,
காலம் எது என்று யாரும் கேட்பதில்லை.
இங்கிலீஷ்காரன் கேட்கிறான்.

டிட் நாட் கம் போட்டால்
முடிஞ்சுபோச்சு என்று அர்த்தம் அண்ணே.
ஹேஸ் நாட் கம் போட்டால்
இன்னும் வரல்ல,
வரவும் கூடும்.
எதைப் போடட்டும்?

ரோட்டில் ஐஸ் லாரி ஒன்று
தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும்வரை
பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அவன் பைசா தருவான்?"

முதலாவதுக்கு.

"அப்பம் அதப் போடு."
எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.
"வீட்டுக்கு ஒரு காப்பி வேணும்,
தம்பி பெண்டாட்டி வாசிப்பா.
அதுல மத்ததப் போடு."

கம், கேம், கம்.
இரண்டாவதில் விலகிப் போய்
மூன்றாவதில் பழைய உருவுக்கே திரும்புகிற வினை.
ஒரு எழுத்தும் மாற்றாமல்
டிட் இருந்த இடத்தில் ஹேஸ் வைத்தேன்.

நானூறு ரூபாய் ஆகும், முன்னூறு போதும் என்றேன்.
எண்ணி நானூறும் வைத்தார்.
இரண்டு கட்டையும் தனித்தனியாக
ஸ்டேப்ளர் அடிக்கும் முன்னால்
வீட்டுக் காப்பியின் முதல் பக்கத்தை மட்டும்
திரும்பத் திறந்து
வெட்டிய வாலை ஒட்டினேன்.
ஸ்டாப்ட்.

பிழைதான். இருக்கட்டும்,
அந்த ராத்திரிக் காற்று அப்படி.
ஏன் என்று அவர்
கேட்டவில்லை.