தவணை

கம்பெனி கொடுத்த பச்சைக் கோட்டில்
நூலால் குத்தியிருக்கிறது:
யோகமலர், கூட்டாளி.
சேரம்பாடி லயங்களில் நாற்பத்தோரு சோலார் விளக்கு,
வாரம் அறுபது ரூபாய்.

ஆடி முழுக்க வெயிலில்லை.
தகட்டின் மேல் அட்டை ஊர்ந்தது.
“இருட்டுக்கு எதுக்குத் தவணை?” என்றாள் பவளக்கொடி.
நியாயம்தான்.

கோவையிலிருந்து போனில்
இலக்கு, இலக்கு என்றது ஒரு குரல்.
மழை என்றாள்.
அப்படியொரு கட்டம்
அவர்கள் திரையில் இல்லை.

கூடலூர் போய்த் திரும்பும் சிராஜின் ஜீப்பில்
சாக்கு நிறைய விளக்கேற்றி அனுப்பினாள்,
வழியெல்லாம் சார்ஜ்.
விளக்குக்கு மூன்று ரூபாய்,
ரெண்டு அவனுக்கு.

மார்கழிக் கடைசியில் காலண்டர் வந்தது.
அவள் சிரிக்கிறாள்,
பின்னால் யாரோ ஒட்டிவைத்த வெயில்.

திருப்பினால் வழுவழுப்பில்லை,
பேனா நன்றாக ஓடுகிறது:
பவளக்கொடி, பாக்கி நூற்றெண்பது.