புதன்கிழமை பாதி விலை

புதன்கிழமைகளில் பாதி விலை.
அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதிலும் பாதி.
நாலில் ஒரு பங்கு கொடுத்து
முழுப்படமும் பார்த்துவிடுகிறேன் என்பதில்
எனக்கொரு சின்னத் திருட்டு மகிழ்ச்சி.

மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆறு, கடல்போல நடித்துக்கொண்டிருக்கும்.
காற்று கோட்டுக்குள் கைவிட்டுச் சில்லறை தேடும்.
ஃபிளாஸ்க் கக்கத்தில், மாத்தேக் குடுவை கையில்.
இந்தக் கசப்புத் தண்ணீர் இல்லாமல்
இங்கே யாரும் தெருமுனைவரைகூடப் போவதில்லை.
டிக்கெட் கிழிக்கும் பையன் ரமீரோ
உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பான்.
சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்ப்பான்.

ஏழாவது வரிசை, ஓரம்.
விளக்கு அணைவதற்கும் படம் தொடங்குவதற்கும் இடையில்
ஓர் இருட்டு இருக்கிறதே,
அதற்குத்தான் நான் காசு கொடுப்பது.
படம் இனாம்.

பின்வரிசையில் ஒருவர்
எல்லோரும் சிரித்து முடித்தபிறகு தனியாகச் சிரிப்பார்.
பெயர் தெரியாது.
அவர் வராத வாரம்
படம் சற்றுச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

முப்பத்தோரு வருடம் பேக்கரியில் வேலை எனக்கு.
விடியற்காலை மூன்று மணிக்கு மாவில் கைவைப்பேன்.
ஞாயிறு மாலை எபெர் படத்துக்கு அழைத்துப்போவான்.
முதல் அரைமணி நேரம் பார்ப்பேன்.
பிறகு அவன் தோள்.
உலகத்தின் பாதிப் படங்களை
அவனுடைய கம்பளிச் சட்டையின் வாசனையாகத்தான் அறிவேன்.
திரும்பும் பேருந்தில் மீதிக் கதையைச் சொல்வான்,
கைகளை ஆட்டி, நடத்துனருக்கும் கேட்கும்படி.
முன்சீட்டுக்காரர் ஒருவர் தம் நிறுத்தத்தில் இறங்காமல்
கடைசிவரை கேட்டதுண்டு.

இன்று போட்டது பழைய படம்.
கலங்கரை விளக்கத்துக் காவல்காரன், அவன் நாய், புயல்.
தொடக்கம் ஞாபகம் இருந்தது,
நாயின் மடிந்த ஒற்றைக் காதுகூட.
முடிவும் எனக்குத் தெரியும்:
படகு வரும். நாய் நீந்தி வந்து
அவன் பூட்ஸ்மேல் தலைவைத்துத் தூங்கும்.
வேலையை விட்டபின் பகலில் தூக்கம் வருவதில்லை.
கண்கொட்டாமல் பார்த்தேன்.
படகு வரவில்லை.
நாயும்.

விளக்கு எரிந்தபிறகும் உட்கார்ந்திருந்தேன்.
அப்படியானால் அந்த ரயில் நிலையத்துப் பெண்?
கடிதம் அவளுக்குக் கிடைத்துவிட்டதென்றானே.
பனியில் வழி தவறிய அண்ணன் தம்பி?
கடைசியில் கோழிப்பண்ணை வைத்துப் பிழைத்த
அந்தக் கிழட்டுக் குத்துச்சண்டைக்காரன்?
ஏழு நிறுத்தங்களுக்குள்
எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறான் இவன்!
கோபம் வந்தால் தேவலாம் போலிருந்தது.
கைப்பையைத் துழாவினேன்.
ஓர் ஆரஞ்சுப்பழம்தான் இருந்தது.

வெளியே மழை.
மழை வந்தால் இந்த நகரம் முழுக்க
கொழுப்பில் மாவு பொரியும் வாசம்.
ஏன் மழைக்கு மட்டும் என்று யாரும் கேட்டதில்லை.
முனையில் நில்தா குடைக்கடியில் அடுப்பு வைத்திருந்தாள்.
நாலு வாங்கினேன்.
ஒன்றை நடந்தபடியே தின்றேன்;
சர்க்கரைமேல் இரண்டு துளி விழுந்து
அது இன்னும் நன்றாகிவிட்டது.
ஆகவே, மூன்று வாங்கியதாகக் கணக்கு.

புதன்கிழமை எபெருக்குச் சீட்டாட்டம்.
தோற்றுவிட்டு வந்து வானொலியைத் திட்டிக்கொண்டிருந்தான்.
"என்ன படம்?"
"அந்தக் கலங்கரை விளக்கம், நாய்."
மாத்தே உறிஞ்சும் குழாய்
அவன் உதட்டில் ஒரு கணம் நின்றது.
"கடைசிவரை பார்த்தாயா?"

காகிதப் பையை அவன் பக்கம் தள்ளினேன்.
"எங்கே! நல்ல இடத்தில் தூங்கிவிட்டேன்.
எப்படித்தான் முடிந்தது அது?"

விரல்களைத் துடைத்தான்.
நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டான்.

இந்தமுறை நாயோடு
நாலு குட்டிகளும் நீந்தி வந்தன.