யாரு

காக்ஸ் டவுனில், பால் பூத்துக்கும்
துணி தேய்க்கும் வண்டிக்கும் நடுவே
பதினான்கு பேர் உட்காரலாம் அந்த சுஷிக்கடையில்.
சமைப்பவர் பெயர் யாருயிங்கம். ஊர் உக்ருல்.
சுருக்கி யாரு என்கிறார்கள்.
தெருவில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள்.
அதனால்
மீன் வெட்டுவது யாரு.
சோறு பிடிப்பது யாரு.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கடைசியில் தனியாகச் சாப்பிடுவதும் யாரு.
கேள்விக்குறியைக் கழற்றி வைத்துவிட்டால்
எல்லாமே பதில்தான்.

செவ்வாய்தோறும் அலுவலகம் விட்டு வருவேன்.
முதல்முறை அந்தப் பச்சை விழுதைத்
துவையல் என்று நினைத்துத்
தாராளமாகத் தொட்டுக்கொண்டேன்.
மூக்கில் ஏறி உச்சந்தலையில் ஆணி அடித்தது.
கண்ணீர் வழிய நிமிர்ந்தால்
அவர் சிரிக்கவில்லை, தண்ணீரும் நீட்டவில்லை.
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்: மூச்சு விடு.
விட்டேன்.
மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.
எனக்குத் தெரிந்த காரங்களில்
இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டுப் போனது வேறில்லை.

அட்டையில் என்னென்னவோ பெயர்கள்.
எனக்கு அது சூரை, இது கணவாய், அது விலாங்கு.
அவரும் பழகிக்கொண்டார்,
விலாங்கு மட்டும் அவர் வாயில் விலங்கு.
"இன்னைக்கு விலங்கு இல்லே" என்றார் ஒருநாள்.
வீடுவரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், மழை,
ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெரு அணைந்தது.
விடியும்வரை வராது என்றார்
கம்பத்திலிருந்து இறங்கிய சித்தலிங்கு.
உள்ளே குளிர்பெட்டி நின்றுவிட்டது.
கொச்சியிலிருந்து காலையில்தான் வந்திருந்தன மீன்கள்.

என் வேலை காப்பீட்டுக் கம்பெனியில்,
கெட்டுப்போன சரக்குக்குக் கணக்குப் பார்ப்பது.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
எதையும் தொடாதீர்கள்.
மணிக்கொரு போட்டோ, வெப்பநிலை தெரியும்படி.
காலையில் கெட்டிருக்கும், படிவம் தருகிறேன்,
நாற்பது நாளில் பணம்.
கத்தியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.
சூரையை முகர்ந்து பார்த்தார்.
"இப்போ நல்லாருக்கு" என்றார்.
அவ்வளவுதான் விவாதம்.

பிறகு வாசலில் நின்று ஒரு விசில்.

மருந்துக்கடை இர்ஃபானா வந்தாள், கையில் மெழுகுவத்தி.
மூன்றாம் மாடி ரோசாரியோ
சொந்தத் தட்டோடு வந்தார்.
தேய்ப்பு வண்டிக்கார முனிச்சாமியின் பெட்டியிலிருந்து
கனலைக் கொட்டி விலாங்கை வாட்டினார் யாரு.
யாருடைய சட்டைக்கோ பாக்கியிருந்த சூடு அது.
சித்தலிங்குவுக்கு சிராவண மாசம், மீன் ஆகாது.
வெள்ளரிக்காய்ச் சுருள் மட்டும் பதினேழு தின்றார்,
எண்ணியது நான்,
எண்ணுவது என் தொழில்.

செல்போன் வெளிச்சத்தின் மேல் தண்ணீர் பாட்டில்,
சுவரெல்லாம் அலையாடும் நீலம்.
வாடிக்கைக்காரர்கள் நாங்கள்
குச்சியை மறந்து கையால் சாப்பிட்டோம்.
அவர்தான் சொன்னார்,
கையால் தின்பதும் முறைதான் என்று.
இத்தனை செவ்வாய்களாகச் சொல்லவே இல்லை.

மறுநாள் பழக்கத்தில் படிவத்தைத் திறந்தேன்.
சரக்கு: சூரை நான்கு கிலோ, இன்ன பிற.
கெட்டது: ஒன்றுமில்லை.
இழப்பு என்ற கட்டத்தில் கர்சர்
வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

பதினொன்றரை இருக்கும் அன்றிரவு,
மீன் தீர்ந்து, கட்டையைக் கழுவும் நேரம்,
ஷட்டரைத் தட்டும் சத்தம்.
மழையில் நனைந்த டெலிவரிப் பையன்,
போகும் வழியில் வெளிச்சம் பார்த்திருக்கிறான்.
யாரு என்றோம்
இருட்டில் எல்லோரும் ஒரே குரலாய்.

"இருக்கேன்" என்றது
பலகைக்குப் பின்னாலிருந்து.

காடி விட்ட சோறு
ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது.